சுத்தமான தண்ணீர்

இறால் பொட்டலத்தை எடுப்பதற்கு முன்னால் பிரமநாயகி இரண்டு கைகளிலும் ரொட்டி வந்த பாலித்தீன் உறைகளை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொண்டாள். அப்படியும் விரல் நுனி கூசியது. ஃப்ரீசரின் அடித்தட்டில், தேங்காய்த் துருவலுக்கும் பட்டாணிக்கும் எட்டாத மூலையில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பை, பைக்குள் இன்னொரு பை, அதற்குள் அது கிடந்தது. கட்டம் கட்டமாகப் பிரித்த சாக்லேட் பாளம் போல, பழுப்பும் சாம்பலுமாக உறைந்த பொடி இறால். உற்றுப் பார்த்தால் உள்ளே கண்கள் தெரியும், கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, எல்லாம் அவளையே பார்க்கிற மாதிரி. உற்றுப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் முட்டை என்ற சொல்லைச் சொல்வதென்றால்கூட வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த வீட்டுப் பெண் தூத்துக்குடியில் ஒரு மத்தியான வேளையில் இறாலைக் கிண்ணத்தில் போட்டுக் கரைய விடுகிறாள். கரையக் கரைய வாடை எழும்பியது. வாடை மூக்கில் நிற்காமல் தொண்டையின் பின்பக்கமாக இறங்கி அங்கே ஒரு ஆணி அடித்துக்கொண்டு தொங்கியது. சற்று முன்புதான் ரோஸ்லினோடு பேசியிருந்தாள். கொளத்தூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் பெண். ஹாலில் நிற்கிற கடல் தொட்டிக்குப் பவளத் துண்டுகளை அனுப்பினவள் அவள்தான். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னாள், ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரை மொண்டு சொட்டு மருந்து விடச் சொன்னாள், நிறம் மாறுதா என்று கேட்டாள். மாறவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பிரமநாயகிக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. அப்போது ரோஸ்லின் சிரித்தாள். "அம்மா, தண்ணி ரொம்பச் சுத்தமா இருக்கு. அதான் அதுக்கு நோய்." "நோயா? நான் ஒரு பொட்டு அழுக்கு விடலையேம்மா!" "அதையேதான் நானும் சொல்றேன். தெனமும் ஏகாதசி வச்சிருக்கீங்க நீங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம அது எங்கேருந்து கலர் காட்டும்? லைட்டைக் குறைங்க. கரிப் பையைத் தூக்கி வெளிய போடுங்க. நுரை மிஷினைப் பாதி நேரம் நிறுத்துங்க. இறாலை ஊட்டி விடுங்க. தண்ணி கொஞ்சம் அழுக்காகட்டும்." நிறம் எப்போது திரும்பும் என்று கேட்டதற்கு, "மாசக்கணக்காகும்மா, வந்தா சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வந்தா. அந்தச் சொல் இறால் வாடையோடு சேர்ந்து தொண்டையில் மாட்டிக்கொண்டது. வந்தா என்றால் வராமலும் போகலாம் என்றுதானே அர்த்தம்.

தொட்டி அவள் வீட்டுக்காரர் வைத்தது. ஆவுடையப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு கடலை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக் கடலில் பவளம் எடுப்பது குற்றம், அதனால் எங்கோ தொட்டியிலேயே வளர்த்து வெட்டின துண்டுகளை வரவழைத்துக் கல்லில் ஒட்டினார். ஊதா, இளஞ்சிவப்பு, பாசிப்பச்சை. சாயந்திரம் நீல விளக்குப் போட்டால் அதெல்லாம் எரிகிற மாதிரி இருக்கும், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சினிமா பார்ப்பது போலப் பார்ப்பார். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையைப் பிடித்து, சாமியைக் கும்பிட்டுக்கோ என்றோ பயப்படாதே என்றோ சொல்லவில்லை, "அதுகளைப் பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டாள். மகள் மஸ்கட்டிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி இருந்தாள், அந்தச் சமயத்தில் பிரமநாயகி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு முதல் வேலையாகத் தொட்டியைக் கழுவினாள். நுரை மிஷின் என்று ஒன்று, தண்ணீரிலிருக்கிற கழிவையெல்லாம் நுரையாக்கி மேலே ஒரு குவளையில் சேர்க்கும். குவளையில் சேர்வது காப்பிக் கஷாயம் போலப் பழுப்பாக, அழுகின முட்டைக்கோஸும் சளியும் கலந்த நாற்றத்தோடு, விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஊற்றும்போதெல்லாம் இவ்வளவு நாற்றமா இந்த வீட்டுக்குள், இவ்வளவையுமா தண்ணீருக்குள் ஒளித்து வைத்திருந்தது என்று அவளுக்குத் தோன்றும். மிஷினை முழு வேகத்தில் வைத்தாள். தண்ணீரின் அழுக்கை உறிஞ்சுகிற கரிப் பையை ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கவிட்டாள். வெயில் பட்டால் கிருமி சாகும் என்று விளக்கை உச்சத்துக்கு ஏற்றினாள். இறாலை நிறுத்தினாள், மீன்களுக்கு மட்டும் இரண்டு சிட்டிகை பொடி. கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. தண்ணீர் இருப்பதே தெரியாத மாதிரி ஆயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஊதா சாம்பலாகி, சாம்பல் ஒன்றுமில்லாததாகி, கடைசியில் எல்லாம் எலும்பு நிறத்தில், சுடுகாட்டில் பால் தெளிக்கப் போகும்போது பொறுக்கிக் கொடுப்பார்களே அந்த நிறத்தில், நின்றது. ஐயோ, அந்த நினைப்பு எதற்கு. வாயை அலம்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நினைப்பதற்கெல்லாம் வாயை அலம்பினால் வாய் என்ன ஆகும். ஆனால் அப்படித்தான் இருந்தது அவளுக்கு, சின்ன வயதிலிருந்தே. எட்டாம் வகுப்போடு ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால் வீட்டில் வயசுக்கு வந்துவிட்டாள் என்பார்கள். காரணம் அதுவல்ல. பள்ளிக்கூடக் கக்கூஸ். கதவில்லாத அந்த மூன்று தடுப்பும், சுவரில் விரலால் துடைத்த தடங்களும், காலை எங்கே வைப்பது என்று தெரியாத தரையும். அதற்குள் போக மாட்டாமல் அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டும். ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்தாள், டீச்சர் வாயில் சோடா ஊற்றினாள், மறுநாளிலிருந்து போகவில்லை. படிப்பு போனதற்கு அவள் வருத்தப்பட்டதில்லை. அந்தத் தரையை இனி மிதிக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது.

இறால் கரைந்துவிட்டது. கிண்ணத்தில் சாம்பல் கஞ்சி. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சில் அதை உறிஞ்சி, ஸ்டூலில் ஏறி, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். உப்புத் தண்ணீர் வெதுவெதுவென்று, வேறொருவர் குளித்துவிட்டுப் போன தொட்டி மாதிரி இருந்தது. எலும்பு நிறத்தில் நிற்கிற முதல் பவளத்தின் மேல் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டதா. செத்துவிட்டால் அவரிடம் என்ன சொல்வது. அப்போது அதன் மேல் இருந்த ஒவ்வொரு புள்ளியும் மெல்லத் திறந்தது. புள்ளி இல்லை, வாய். சுற்றிலும் மயிர் மயிராக விரல்கள், அந்த விரல்கள் கண் தெரிகிற ஒரு இறாலைப் பிடித்து நடுவில் திணித்தன, நடு சுருங்கி விரிந்து விழுங்கியது. கையை வெளியே இழுக்கவில்லை, ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இதைப் பற்றித்தான் அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார், ரசச் சோறு பிசைந்துகொண்டே, உற்சாகமாக: "இதுக்கு ஒரே வாய்தான் தெரியுமா? தின்னுறதும் அதுல, கழியுறதும் அதுல." அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள், அவர் சிரித்துக்கொண்டு மோரையும் ஊற்றிச் சாப்பிட்டார். அப்படிச் சிரித்த மனிதருக்கு. இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆனால் நினைப்பு அந்தப் பக்கம்தான் போகும், நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போவது போல. குடலில் கட்டி என்றார்கள், அறுத்து எடுத்தார்கள், மிச்சக் குடலை வயிற்றின் இடது பக்கத்தில் ஓட்டை போட்டு வெளியே இழுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனிக் கழிவெல்லாம் அந்தப் பையில்தான். சிஸ்டர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள், இவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, "வயித்து வாய்னு வச்சுக்கோங்கம்மா" என்றாள். எதற்காக வாய் என்று சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு சொல்லே இல்லையா. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தன் வாயில் எதைப் போட்டாலும் பாதி விழுங்கும்போது நின்றது. சிஸ்டர் அடுத்த தெருக்காரி, நல்ல பெண், அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து அவளே வந்து பையை மாற்றினாள், மூன்று நாளைக்கு முன்னால் மாற்றும்போது அடுத்த தடவை நீங்கதான் என்று இவளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். நேற்று எட்டிப் பார்த்து, "இனி நீங்களே பண்ணிருவீங்க, நாளைக்குப் புதுப் பை ஒட்டணும், சாயந்திரத்துக்குள்ள பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாளை என்பது இன்று. காலையில் துணி துவைத்தாள். பிறகு பூஜைப் பாத்திரம் துலக்கினாள். பிறகு மெத்தை உறை. பிறகு ரோஸ்லினுக்குப் போன். இப்போது இறால். இறாலைத் தொடுவதே மேல் என்று ஒரு பெண் நினைப்பாளா? நினைத்தாள். அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்து, அதுவும் இறால் வாடையாகவே இருந்தது.

"ஏளா நாயகி, என்ன பண்ணுத?" என்று உள் அறையிலிருந்து அவர் குரல் வந்தது. முன்பெல்லாம் துறைமுகத்தில் கிரேன் உச்சியிலிருந்து கத்திக் கத்தி வளர்ந்த குரல், இப்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. "தொட்டிக்குத் தீனி போடுதேன்" என்றாள். "எப்படி இருக்கு எல்லாம்?" "நல்லாத்தான் இருக்கு." "ஊதா?" "ஊதாவும் நல்லாத்தான் இருக்கு." "சரி" என்றார். தினமும் இதே கேள்வி, இதே பதில், இதே சரி. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்குத் தொட்டி விளக்கை அணைத்து ஒரு வேட்டியை மேலே போர்த்தியிருந்தாள். அவர் இன்னும் ஹாலுக்கு நடந்து வரவில்லை. வருவார். வந்தால் பார்ப்பார். பார்த்தால் ஏற்கெனவே பாதியாக இருக்கிற மனிதர் என்ன ஆவார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் எடை பார்ப்பார், எடை ஏறியிருந்தால்தான் அடுத்த மருந்து ஏற்ற ஆரம்பிக்க முடியும், இல்லையென்றால் உடம்பு தாங்காது என்று முன்னமே சொல்லியிருந்தார். "நல்லா சாப்பிடச் சொல்லுங்க. மருந்து தள்ளிப்போனா எனக்குப் பொறுப்பில்லை." பொறுப்பில்லை என்றால் என்ன அர்த்தம் என்று மகள் கேட்டாள், டாக்டர் பேனாவை மூடினார். மகள் லீவு முடிந்து போய்விட்டாள். அவருடைய தங்கை, சாந்தி நாச்சியார், போனில் சொன்னாள்: "என்ன மதினி, பிள்ளைக்குக் கழுவி விடலையா, அது மாதிரி நெனச்சுக்கோங்க." கழுவி விடவில்லை. அதுதான் யாருக்கும் தெரியாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சளாகப் போன துணியைப் பார்த்தாலே இவளுக்கு வாந்தி வரும். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமலேயே, வாளியோடு பின்பக்கம் போய் எல்லாவற்றையும் கசக்கிப் போட்டுவிட்டு வந்து, "சோத்தை எடுத்து வை" என்பார். ஒரு சொல் கேட்டதில்லை. சாக்கடை அடைத்தால் கையை விட்டு முடிக்கற்றையை இழுப்பவர் அவர். செத்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்குபவர் அவர். மகளுக்கு நடுராத்திரியில் வயிறு கலங்கினால் பாய் கழுவினவர் அவர். இத்தனை வருஷமும் அழுக்குக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார், அவள் அதைக் கவனித்ததுகூட இல்லை, வீட்டுக்கு ஒரு சுவர் இருக்கிற மாதிரி. இப்போது சுவரே ஒழுகுகிறது. எப்பேர்ப்பட்ட நினைப்பு. ஒழுகுகிறது என்றா சொன்னாள். இருந்தாலும் ஒன்று நல்லதுக்கு நடந்திருக்கிறது என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். வந்த புதிதில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி அறையை ஒட்டின பாத்ரூமுக்குப் போய்ப் பையைத் தானே கொட்டிவிட்டு வருவார். தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் அடுப்படியில் மிக்ஸியைப் போட்டுவிடுவாள், ஒன்றும் அரைக்க இல்லாவிட்டாலும். இப்போது அவர் அதிகம் போவதில்லை. வயிறு ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது போல. நல்லதாகப் போயிற்று. தட்டும் துடைத்த மாதிரி வருகிறது, காலையில் வைத்த இட்லி ஒன்றுகூட மிச்சமில்லை.

இந்தக் காக்காய்களை என்ன செய்வது. ஊரில் இருக்கிற காக்காயெல்லாம் மூன்று நாளாக அவர் ஜன்னலில்தான். கத்திக் கத்தி உயிரை எடுக்கிறது, ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிற திட்டு முழுக்க எச்சம், வெள்ளையும் பச்சையுமாக, சுவரில் வழிந்து காய்ந்து, அதில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டு. காலையிலேயே பார்த்துவிட்டாள், பார்த்ததிலிருந்து முதுகில் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கிறது. சிரிஞ்சைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைப் பாத்ரூமில் வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவி, நீளத் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள். இதையும் முடித்துவிட்டுப் போகலாம். பை எங்கே ஓடிவிடப் போகிறது. காக்காய்கள் நகரக்கூட இல்லை, ஒன்று தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. எதைத் தின்கிறது, எலியா. சந்தில் எலி செத்துக் கிடந்தால்? மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாளியைக் கவிழ்த்து ஏறிப் பார்த்தாள். ஜன்னல் திட்டின் மேல் எச்சத்துக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். பழையது காய்ந்து ஓடாகி, அதன் மேல் நேற்றையது புளித்து நுரைத்து, அதன் மேல் இன்றையது இன்னும் பூவாக. இட்லி. அவள் ஆட்டின மாவு. தொட்டுக்கொள்ள வைத்த சட்னியோடு. ஒரு ஓரத்தில் நேற்றைய மத்தியானச் சோறு, பருப்புப் போட்டு நெய் விட்டுக் குழையப் பிசைந்து கொடுத்தது, எறும்பு மொய்த்துக் கறுப்பாகக் கிடந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது, ஆனால் அவள் தலைப்பை விட்டுவிட்டிருந்தாள். காக்காய்க்குச் சோறு யாருக்காக வைப்பார்கள் என்பது முதலில் வந்தது. பிரேயரில் விழுந்தது அதற்கப்புறம் வந்தது, அந்த நாக்கு, அண்ணத்தில் ஒட்டின நாக்கு, எதற்காகக் குடிக்கவில்லை என்று அத்தனை பேர் கேட்டும் அவள் சொல்லாத காரணம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கம்பிக்கு மிக அருகில், அவருடைய காலித் தட்டு தெரிந்தது. துடைத்து வைத்த மாதிரிச் சுத்தமாக.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அறைக்குள் நுழையும்போது வழக்கமாகக் கற்பூரம் முடிந்த தலைப்பை மூக்கருகே கொண்டுபோவாள், இன்று மறந்துவிட்டது, அறை அவளை அப்படியே வாங்கிக்கொண்டது, மருந்து, வியர்வை, டெட்டால், அடியில் அந்த இன்னொன்று. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்குள் ஹேங்கர் மாதிரித் தூக்கிக்கொண்டிருந்தது. இதை எப்படிப் பார்க்காமல் இருந்தாள். "காக்காய்க்கு இட்லி போட்டீங்களா?" என்றாள். அவர் ஃபேனைப் பார்த்தார். "ரெண்டு விண்டு போட்டேன்." "ரெண்டு விண்டா? ஜன்னல் திட்டு பூரா கெடக்கு. மூணு நாளா என்னத்தத் தின்னீங்க?" "பசிக்கலளா." "பொய் சொல்லாதீங்க." "சரி, பொய்தான்." அவர் கையை வயிற்றின் இடது பக்கத்தில், போர்வைக்கு மேல், ஒரு பூனையைப் பிடித்து உட்கார வைத்திருப்பது போல வைத்துக்கொண்டிருந்தார். "தின்னா நெறையும்ளா. நெறஞ்சா ஒழுகும். சிஸ்டர் மாத்துன வரைக்கும் சரி, இனி நீல்லா பாக்கணும்." "நான் பாக்க மாட்டேன்னு சொன்னேனா?" "சொல்லல. சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். சிஸ்டர் உனக்குச் சொல்லிக் குடுத்தால்லா, அப்ப பீரோக் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சிக்கிட்டே நின்ன. மூச்சுவிடாம. துஷ்டி வீட்டுல பொணத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு சம்பந்திக்காரியப் பாத்துச் சிரிப்பாங்கல்லா, அப்படி ஒரு சிரிப்பு." அவளுக்குச் சுரீரென்றது. கஷ்டப்பட்டு வரவழைத்த சிரிப்பு அது. அவருக்காகவே வரவழைத்தது. "பின்ன என்ன பண்ணச் சொல்லுதீங்க? அருவருப்பாத்தான் இருக்கு! ஆமா, இருக்கு! நாத்தம் கொடலப் பிடுங்குது. அதப் பாத்தா எனக்கு ராத்திரி சோறு எறங்கல. போதுமா? அதுக்காக நீங்க பட்டினி கெடந்து சாவீங்களா? திங்கக்கிழம அந்த ஆளு எடை பாப்பான். எறங்கியிருந்தா மருந்து கெடையாதும்பான். அப்புறம் நான் யாருக்குச் சோறு வைக்க, இந்தக் காக்காய்க்கா?" கத்திவிட்டாள். கத்தின வேகத்தில் இன்னொன்றும் வந்து விழுந்தது: "உங்க பவளமும் வெளுத்துப் போச்சு. எல்லாம். கழுவிக் கழுவி நான்தான் பட்டினி போட்டேன்." அவர் அவளைப் பார்த்தார். "தெரியும். தூக்கிட்டு வரும்போதே பாத்தேன். வேட்டிய ஒழுங்கா மூடலயே நீ." "பின்ன எதுக்குத் தெனம் தெனம் கேட்டீங்க, ஊதா எப்படியிருக்குன்னு?" "நீ எம்புட்டு தூரம் போறேன்னு பாக்கத்தான்." சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார், சுளிப்பும் சிரிப்புமாக, "எனக்கும்தாம்ளா அருவருப்பா இருக்கு. என் ஒடம்புன்னு நெனைக்கவே முடியல. சவம், தொங்கிக்கிட்டு" என்றார்.

வெந்நீர் கொண்டுவந்தாள். பஞ்சு, புதுப் பை, கத்திரிக்கோல், குப்பைக்குக் கறுப்புக் கவர். சிஸ்டர் சொன்ன வரிசை மனசிலிருந்து போய்விட்டிருந்தது, கை தன் பாட்டுக்கு எடுத்து வைத்தது. உறை மாட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தாள், சிஸ்டர் வைத்துவிட்டுப் போன ரப்பர் உறை அளவு சின்னது, விரல் நுழையவில்லை, சீ போ என்று தூக்கிப் போட்டாள். பழைய பையைத் தோலோடு ஒட்டியிருந்த பசைத் தட்டை மேல் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். தோல் கூடவே வருகிற மாதிரி இழுபட்டது, அவர் பல்லைக் கடித்தார். வாடை வந்தது, அதற்கு ஒப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நுரைக் குவளையெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வயிறு ஒருதரம் மேலே வந்தது. "போய்ட்டு வா" என்றார் அவர், ஒரு பஞ்சால் அதைப் பொத்திக்கொண்டு. ஓடினாள். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த காப்பியை முழுக்கக் கக்கினாள், மூக்கு வழியாகவும் வந்தது, கண்ணாடியில் பார்த்தால் மூஞ்சி நனைந்த கோழி மாதிரி இருந்தது. இப்படியே நின்றுவிடலாம். வாசல் திறந்துதான் கிடக்கிறது. சாந்தி நாச்சியாரிடம் ஒரு சொல் சொன்னால் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவாள், நல்லபடியாகவும் பார்த்துக்கொள்வாள், முகம் சுளிக்காமல். முகம் சுளிக்காமல் என்ற இடத்தில் நினைப்பு மாட்டிக்கொண்டு நின்றது. வாயைக் கொப்புளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "முடிஞ்சுதா?" "முடிஞ்சுது. கையை எடுங்க." அவர் பஞ்சை எடுத்தார். இதுவரை ஓரக்கண்ணால்தான் பார்த்திருந்தாள், இப்போது குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தோலுரித்த தக்காளி மாதிரிச் சிவப்பாக, ஈரமாக, தானாகவே கொஞ்சம் சுருங்கி விரிந்தது. சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்தால் உடனே போன் பண்ணுங்கள் என்று சிஸ்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவப்பாகத்தான் இருந்தது. மூன்று நாள் பட்டினியிலும் விடாமல் சிவப்பாக. துணியை முக்கிப் பிழிந்து சுற்றிலும் துடைத்தாள். முதல்முறை விரல் அதன்மேல் பட்டபோது அவள் உடம்பு முழுக்கக் குறுகிற்று, அதற்கு ஒன்றும் தெரியவில்லை, வலிக்காதாம், தொடுவதே தெரியாதாம். சூடாக இருந்தது. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது, காது மட்டும் சிவந்துபோய். "இங்கன பாருங்க, நான் மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், பாத்துக்கோங்க" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சுளிக்க" என்றார். புதுப் பையின் பசைத் தட்டில் வெட்டின ஓட்டை கோணலாகப் போய்விட்டது, ஒட்டினதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள், சூடு பட்டால்தான் பசை பிடிக்கும். அவ்வளவு நேரம் அவர் வயிற்றில் கை வைத்து அவள் எப்போது உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

கைகளை மூன்று தரம் கழுவினாள். நான்காம் தரம் குழாயைத் திறந்துவிட்டு மூடினாள். குக்கரில் சோறு சூடாக இருந்தது. பருப்பை மசித்து, உப்புப் போட்டு, பிசைந்து, தட்டோடு கட்டிலுக்கே கொண்டுபோய் ஜன்னல் கதவை ஓங்கிச் சாத்தினாள். வெளியே காக்காய்கள் கத்தின. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சச் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தாள். "நீ போய் வேலையப் பாரு, நான் தின்னுக்கிடுதேன்" என்றார். "பாத்தேன், நீங்க தின்ன லட்சணத்த. தின்னுங்க." அவர் முதல் உருண்டையை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார், மருந்து தின்கிற மாதிரி. இரண்டாவதை வேகமாக. மூன்றாவதில் பசி வந்துவிட்டது. பசி என்றால் எப்படிப்பட்ட பசி, விரல் இடுக்கில் ஒட்டினதையெல்லாம் நக்கி, மூச்சு வாங்கி, தாடையில் பருப்பு வழிந்து, தொண்டை ஏறி ஏறி இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதித் தட்டு முடிந்தபோது, போர்வைக்கு அடியிலிருந்து, புதுப் பைக்குள், ஒரு சத்தம் வந்தது. ஈரமாக, நீளமாக, வெட்கமில்லாமல். அவர் கை தட்டிலேயே நின்றது. கண்ணை மட்டும் உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார், வாயில் இருந்த சோற்றை விழுங்காமல். "ச்சீ!" என்றாள் பிரமநாயகி, வாய்விட்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. கரண்டி நிறையச் சோற்றை அள்ளி அவர் தட்டில் தட்டினாள்.